முகவரி இல்லாத டிக்கெட்: டோனி கோல்ஸ்டன்-ஹேட்டரும் 1989இன் ரேவ் பார்ட்டிகளும்

டிக்கெட் வாங்கியவருக்கே எங்கே போக வேண்டும் என்று தெரியாது. லண்டனைச் சுற்றி 1989இல் நடந்த பெரிய ரேவ் பார்ட்டிகளை, அதாவது விடிய விடிய ஆடும் நடனக் கூட்டங்களை, புரிந்துகொள்ள இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் தானாக வந்து சேரும். டிக்கெட்டில் தேதி இருக்கும், டிஜேக்களின் பெயர் இருக்கும், லேசர் உண்டு, புகை மெஷின் உண்டு என்று வரிசையாக அச்சிட்டிருப்பார்கள், இடம் மட்டும் இருக்காது. இடத்துக்குப் பதில் ஒரு ஃபோன் நம்பர். சனிக்கிழமை இரவு ஒரு காரில் நாலைந்து பேர் நெருக்கிக்கொண்டு ஏறி, நெடுஞ்சாலை ஓரத்துப் பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தி, ஒருவர் மட்டும் இறங்கிப் போய்ப் பொதுத் தொலைபேசியில் காசு போட்டு அந்த நம்பரைக் கூப்பிடுவார். பதிவு செய்த குரல் ஒன்று, இன்ன சாலையில் இன்ன இடத்தில் காத்திருங்கள், கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பக் கூப்பிடுங்கள் என்று சொல்லும். காத்திருப்பார்கள். சுற்றிலும் அதே மாதிரி கார்கள், கண்ணாடியை இறக்கிவிட்டு அதே பாட்டு.

இந்த ஏற்பாட்டை ஆயிரக்கணக்கான பேருக்கு நடத்திக் காட்டியவர்களில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் டோனி கோல்ஸ்டன்-ஹேட்டர். அவருடைய 'சன்ரைஸ்' பார்ட்டிகளின் காலம் இரண்டு வருடம்கூட முழுதாக வராது. 1988இன் பிற்பகுதியில் தொடங்கி 1990இல் முடிந்துபோகிறது. அதற்குள் போலீசில் தனிப் பிரிவு ஒன்று பிறந்தது, நாடாளுமன்றத்தில் ஒரு சட்டம் நிறைவேறியது, பத்திரிகைகள் அவருக்கு 'ஆசிட் ஹவுஸ் ராஜா' என்று பட்டமும் கொடுத்தன. அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் ஒன்று வீரனாக்குவார்கள், இல்லையென்றால் திருடனாக்குவார்கள். எனக்கு இரண்டும் போதவில்லை. அந்த முகவரி யார் கையில் இருந்தது, எவ்வளவு நேரம் இருந்தது என்று பார்த்துக்கொண்டே போனால்தான் இந்தக் கதை விளங்குகிறது.

மூன்று மணிக்கு மேல் எங்கே போவது

அந்தக் காலத்து இங்கிலாந்தில் இரவு 11 மணிக்கு மதுக்கடை மூடிவிடும். நடன கிளப்புகள் இரண்டு மணி, மிஞ்சிப்போனால் மூன்று மணி. முதல் உலகப்போரின்போது தொழிலாளர்கள் குடித்துவிட்டு வேலைக்கு வராமல் இருந்துவிடக் கூடாது என்று கொண்டுவந்த நேரக்கட்டுப்பாடுகள் பல உருவங்களில் எண்பதுகள் வரை வந்து நின்றன. 1987 கோடையில் ஸ்பெயினின் இபிசா தீவுக்கு விடுமுறைக்குப் போன லண்டன் டிஜேக்கள் சிலர் விடிய விடியத் திறந்த வெளியில் ஆடிவிட்டுத் திரும்பினார்கள். அவர்களில் ஒருவரான டேனி ராம்ப்ளிங் அந்த ஆண்டின் இறுதியில் சதக் பகுதியில் ஓர் உடற்பயிற்சிக் கூடத்தை வாடகைக்குப் பிடித்து 'ஷூம்' என்ற கிளப்பைத் தொடங்கினார். சிகாகோவில் பிறந்த ஆசிட் ஹவுஸ் என்ற மின்னணு நடன இசை, மஞ்சள் வட்டத்தில் சிரிக்கும் முகம், எக்ஸ்டசி என்ற போதை மாத்திரை, மூன்றும் சேர்ந்து லண்டனில் ஒரே சமயத்தில் பரவின.

1988 ஜூனில் சேரிங் கிராஸ் சாலையில் உள்ள அஸ்டோரியா அரங்கில் 'தி ட்ரிப்' என்ற நடன கிளப் தொடங்கியபோது நிலைமை வெட்டவெளிச்சமானது. மூன்று மணிக்குக் கதவை மூடியதும் உள்ளே இருந்தவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. நடு வீதியில் கார் ஸ்டீரியோவைச் சத்தமாக வைத்து ஆடினார்கள். போலீஸ் வண்டி சைரனோடு வந்தால் அந்தச் சைரனுக்கும் கையைத் தூக்கி ஆடினார்கள் என்று அங்கே இருந்தவர்கள் சொல்கிறார்கள். நள்ளிரவு தாண்டியும் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் விழித்திருக்கிறார்கள், கையில் பணம் இருக்கிறது, போக இடம் இல்லை. பார்ட்டியை ஏற்பாடு செய்து டிக்கெட் விற்கும் புரமோட்டர் என்கிற ஆள் உருவானது இந்த இடைவெளியில்தான்.

காலிக் கிடங்கில் பார்ட்டி வைப்பது இந்தப் புரமோட்டர்கள் கண்டுபிடித்தது அல்ல, இதைச் சொல்லாமல் போவது நியாயமில்லை. கரீபியத் தீவுகளிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள், கறுப்பர்களை கிளப்புகளில் சேர்க்காத காலத்திலேயே, வீட்டு நிலவறைகளில் பெரிய சவுண்ட் சிஸ்டம் வைத்து விடியும்வரை 'ப்ளூஸ்' பார்ட்டி நடத்தினார்கள். எண்பதுகளின் நடுவில் நார்மன் ஜே போன்ற டிஜேக்கள் அதைக் காலிக் கிடங்குகளுக்குக் கொண்டுபோனார்கள். ஆசிட் ஹவுஸ் வந்தபோது வழி ஏற்கெனவே போட்டிருந்தது. அந்த வழியைப் போட்டவர்களுக்குப் பத்திரிகைகள் ராஜா பட்டம் எதுவும் கொடுக்கவில்லை.

கிடங்கு வேலை எப்படி நடந்தது என்று கொஞ்சம் பார்க்கலாம். துறைமுகமும் தொழிற்சாலைகளும் மூடியதால் கிழக்கு லண்டனில் காலிக் கட்டடங்களுக்குப் பஞ்சமில்லை. பகலில் சுற்றி ஒரு கட்டடத்தைப் பார்த்து வைப்பார்கள். சனிக்கிழமை பூட்டை உடைத்துத் தங்கள் பூட்டைப் போடுவார்கள். ஜெனரேட்டர், ஸ்பீக்கர், விளக்கு எல்லாம் வேனில் வரும். வெய்ன் அந்தோனி என்பவர் கூட்டாளிகளோடு நடத்திய 'ஜெனிசிஸ்' குழு இதில் பேர் போனது. போலீஸ் வந்து கேட்டால் காட்டுவதற்கு வாடகை ஒப்பந்தம் மாதிரி ஒரு போலிக் காகிதத்தைக்கூடத் தயாராக வைத்திருந்தார்கள். சனி இரவு இரண்டு மணிக்குக் கட்டடத்தின் சொந்தக்காரரைத் தேடிப்பிடித்துச் சரிபார்க்க எந்தப் போலீஸ்காரராலும் முடியாது என்ற நம்பிக்கைதான் மொத்த மூலதனம்.

எனக்கு இதில் மனதை உறுத்துவது பூட்டு உடைத்தது அல்ல. உள்ளே ஆயிரம் பேர், ஒரே வாசல், புகை மெஷின், தரையில் இழுத்துப் போட்ட மின் கம்பி, ஒன்றிரண்டு கழிவறை, சில இடங்களில் குழாயில் தண்ணீர்கூட இல்லை. தீப்பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தாலே வயிற்றைக் கலக்குகிறது. பெரிய விபத்து நடக்காமல் போனதற்கு யாருடைய திறமையும் காரணமில்லை.

சூதாட்ட மேசையிலிருந்து வந்தவர்

கோல்ஸ்டன்-ஹேட்டர் பூட்டு உடைக்கும் வகையைச் சேர்ந்தவர் அல்ல. நடுத்தர வர்க்கக் குடும்பம். பதின்பருவத்திலேயே வீடியோ கேம் வியாபாரம் தொடங்கினார், பிறகு பிளாக்ஜாக் என்ற சீட்டுச் சூதாட்டம் ஆடிச் சம்பாதித்தார், அதில் ரொம்பக் கெட்டிக்காரர் என்று கேசினோக்கள் அவரை உள்ளே விடாமல் தடுக்கும் அளவுக்குப் போனது. ஷூமுக்கு வந்து ஆடியவர், வெளியே நிற்கும் வரிசையைப் பார்த்திருக்கிறார். அந்த கிளப்பை நடத்தியவர்கள் அதைச் சிறியதாகவே வைத்திருக்க விரும்பினார்கள். இவருக்கு அந்த வரிசை முழுவதும் உள்ளே வர வேண்டும்.

1988இல் வெம்ப்ளி திரைப்பட ஸ்டூடியோவில் பார்ட்டி வைத்தார். டிவி செய்திக் கேமராவை உள்ளே விட்டது அந்தச் சமயத்தில்தான். விளம்பரம் கிடைக்கும் என்று நினைத்திருக்கலாம், கிடைத்தது கூச்சல். அந்த ஆண்டு அக்டோபரில் 'தி சன்' பத்திரிகை முதலில் சிரிக்கும் முகம் போட்ட டி-ஷர்ட்டை வாசகர்களுக்கு விற்றது, சில நாட்களிலேயே திரும்பி ஆசிட் ஹவுஸ் ஆபத்து என்று எழுத ஆரம்பித்தது. ஸ்டூடியோ கதவு சாத்தப்பட்டதும் சன்ரைஸ் நகரத்தைவிட்டு வெளியே போக வேண்டியதாயிற்று. பக்கிங்காம்ஷயரில் குதிரைப் பயிற்சி மையம் ஒன்றுக்கு, எங்கே போகிறோம் என்று சொல்லாமலே பேருந்தில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். நவம்பரில் கிரீனிச் பக்கம் பழைய கேஸ் ஆலை வளாகத்தில் நடத்தியபோது போலீஸ் குறுக்கே வந்தது. முன்கூட்டியே இடம் தெரிந்தால் பார்ட்டி நடக்காது என்பது அந்தக் குளிர்காலத்தில் அவருக்குப் பாடமாகிவிட்டது.

அப்புறம் மூன்று விஷயங்கள் ஒன்றுசேர்ந்தன. ஒன்று எம்25. லண்டனைச் சுற்றி 117 மைல் நீளத்துக்குப் போட்ட இந்த வட்டச் சாலை முழுமையாகத் திறந்தது 1986 அக்டோபரில். அதில் ஏறிவிட்டால் சுற்றியுள்ள எந்த மாவட்டத்துக்கும் இறங்கலாம். ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு போலீஸ் படை, ஒரு எல்லை, ஒரு வயர்லெஸ். இரண்டாவது சட்டத்தில் இருந்த ஓட்டை. பொதுமக்களுக்குப் பாட்டு, நடனம் நடத்த உள்ளாட்சி உரிமம் வேண்டும், உறுப்பினர்களுக்கு மட்டும் நடக்கும் தனிப்பட்ட விருந்து என்றால் அந்தக் கெடுபிடி இல்லை. அதனால் சன்ரைஸ் கிளப் மாதிரி உறுப்பினர் சேர்த்தது.

மூன்றாவதுதான் தொலைபேசி. பிரிட்டிஷ் டெலிகாமில் ஒரே நேரத்தில் ஏராளமானவர் கூப்பிட்டுப் பதிவுச் செய்தி கேட்கும் வசதி வந்திருந்தது. அந்தச் செய்தியைப் புரமோட்டர் தன் செல்போனிலிருந்தே மாற்றலாம். 'எனர்ஜி' பார்ட்டிகளை நடத்திய ஜெரமி டெய்லரும் இதே வழியைப் பயன்படுத்தினார். இதற்கு 'தொலைபேசி வழி இட அறிவிப்பு' என்ற பொருளில் ஒரு நீளமான பெயரும் இருந்தது. செங்கல் அளவு செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் வயல்வெளியில் நிற்கிறார். லைட் ஏற்றியாகிவிட்டது, ஜெனரேட்டர் ஓடுகிறது. சாலையில் எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று கணக்குப் பார்க்கிறார். போதுமான கூட்டம் நெருங்கியதும் செய்தியை மாற்றி உண்மையான இடத்தைச் சொல்லிவிடுகிறார். காத்திருந்த கார்கள் எல்லாம் ஒரே சமயத்தில் கிளம்புகின்றன. இடம் போலீசுக்கும் அதே நிமிடத்தில்தான் தெரியும். அவர்கள் பத்திருபது பேர் வந்து சேர்வதற்குள் வாசலில் மூவாயிரம் பேர். நள்ளிரவில் அத்தனை பேரைக் கலைத்து இருட்டுச் சாலைகளில் விரட்டினால் அடிதடி ஆகும், விபத்து ஆகும். சரி, நடக்கட்டும் என்று அதிகாரி முடிவெடுப்பார். முழுத் திட்டமும் அந்த ஒரு முடிவை எதிர்பார்த்துப் போட்டது. சூதாட்ட மேசையில் உட்கார்ந்து பழகிய ஒருவருக்கு இது வந்ததில் ஆச்சரியமில்லை.

விமானக் கொட்டகை

1989 ஜூன் 24. பெர்க்ஷயரில் மெய்டன்ஹெட் ஊருக்குப் பக்கத்தில் ஒயிட் வால்தம் என்று ஒரு சிறு விமான தளம். அதன் கொட்டகைக்குள் சன்ரைஸ் நடந்தது. வந்தவர்கள் சுமார் 11,000 பேர். சிரிக்கும் முகம் போட்ட டி-ஷர்ட், தொளதொள பேன்ட், கிழக்கு லண்டன் கால்பந்து ரசிகர்களும் பணக்கார வீட்டுப் பிள்ளைகளும் ஒரே தரையில். ஒரு வருடம் முன்னால் சனிக்கிழமை மதியம் மைதானத்தில் ஒருவரையொருவர் அடித்துக்கொண்ட கூட்டங்கள் அன்று கட்டிப்பிடித்து ஆடின. இதை மாத்திரையின் வேலை என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது என்று நான் நினைக்கிறேன். பதினோராயிரம் பேருக்கு அது வாழ்நாள் முழுக்க மறக்காத இரவு.

திங்கட்கிழமை 'தி சன்' முதல் பக்கத்தில் 'எக்ஸ்டசி விமான நிலையம்' என்று தலைப்பு. மாத்திரை சுற்றிய வெள்ளிக் காகிதங்கள் தரையெல்லாம் சிதறிக் கிடந்தன என்று செய்தி. அது ஆட்டத்தின்போது மேலேயிருந்து கொட்டிய ஜிகினாக் காகிதம். அலங்காரத்துக்குப் போட்டதைப் பொறுக்கிப் பார்த்து மாத்திரை உறை என்று எழுதிவிட்டார்கள். அங்கே மாத்திரையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை, நிறையவே இருந்தது. ஆனால் நாடாளுமன்றம் வரை போன கோபத்தின் ஒரு பகுதி இந்த ஜிகினாவின் மேல் நின்றது. இது எனக்கு இன்றும் கோபத்தைத் தருகிறது. ஏனென்றால் உண்மையில் கவலைப்பட வேண்டிய விஷயம் வேறு இடத்தில் நடந்துகொண்டிருந்தது. அடுத்த மாதம், 1989 ஜூலையில், மான்செஸ்டரின் ஹசியெண்டா கிளப்பில் எக்ஸ்டசி சாப்பிட்ட 16 வயதுப் பெண் ஒருத்தி விழுந்து, பிறகு இறந்துபோனாள். அது ஒளித்து வைத்த கிடங்கு அல்ல, உரிமம் உள்ள கிளப். உடம்புச் சூடு ஏறுவது, தண்ணீர், ஓய்வு பற்றி அப்போது யாரும் யாருக்கும் சொல்லித் தரவில்லை.

ஆகஸ்ட் 12 அன்று பக்கிங்காம்ஷயரின் லாங்விக்கில் நடந்த சன்ரைஸுக்கு வந்தவர்கள் சுமார் 17,000 என்று சொல்கிறார்கள். இதுதான் உச்சம். டிக்கெட் 15 முதல் 20 பவுண்டு வரை. 15 பவுண்டு வீதம் பத்தாயிரம் பேர் என்றாலே ஒன்றரை லட்சம் பவுண்டு வசூல். உரிமம் இல்லாமல் நடத்தினால் அப்போது அதிகபட்ச அபராதம் 2,000 பவுண்டு. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அடுத்து என்ன வரும் என்று யாருக்கும் புரியும். பணம் இருக்கும் இடத்துக்கு ரவுடிகளும் வந்தார்கள். கால்பந்து அடிதடிக் கும்பல்களைச் சேர்ந்தவர்கள் சில பார்ட்டிகளின் வாசலில் காவலுக்கு நின்றார்கள், சில இடங்களில் பங்கு கேட்டு மிரட்டினார்கள். சிறு புரமோட்டர்கள் பலர் ஒதுங்கிக்கொண்டது போலீசுக்குப் பயந்து அல்ல, இவர்களுக்குப் பயந்து.

போலீஸ் அதே நம்பரைக் கூப்பிட்டது

1989 இலையுதிர் காலத்தில் கென்ட் மாவட்டத்தின் கிரேவ்சென்டில் தலைமைக் கண்காணிப்பாளர் கென் டாப்பன்டென் தலைமையில் கட்டணம் வாங்கி நடத்தும் இந்தப் பார்ட்டிகளைக் கண்காணிக்க 'பே பார்ட்டி யூனிட்' என்ற பிரிவு உருவானது. சில பேரோடு தொடங்கி வேகமாக வளர்ந்தது. மாவட்ட எல்லைதான் பலவீனம் என்று புரிந்துகொண்டு பல போலீஸ் படைகளின் தகவலை ஒரே இடத்தில் சேர்த்தார்கள். கொலை வழக்குகளுக்குப் பயன்படுத்தும் கணினி அமைப்பில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்களையும் நூற்றுக்கணக்கான வண்டி எண்களையும் ஏற்றினார்கள். திருட்டு எஃப்எம் வானொலிகளைக் கேட்டார்கள், வானத்திலிருந்து வயல்களைப் பார்த்தார்கள். டிக்கெட்டில் அச்சிட்ட தகவல் எண்ணை அவர்களும் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். முகவரியைக் கடைசி நிமிடம்வரை பிடித்து வைப்பதில் இருந்த சாமர்த்தியம் அதோடு கரைய ஆரம்பித்தது. அரை மணி முன்னால் தெரிந்தால்கூடப் போதும், இறங்கும் சாலையை மறித்துவிடலாம்.

கோல்ஸ்டன்-ஹேட்டர் இதை அரசியலாக எடுத்துக்கொண்டார். அவருக்குச் செய்தித் தொடர்பு பார்த்தவர் பால் ஸ்டெய்ன்ஸ், அப்போதைய பிரதமர் தாட்சரின் பொருளாதாரக் கொள்கையை மனதார நம்பிய இளைஞர், பிற்காலத்தில் 'கைடோ ஃபாக்ஸ்' என்ற அரசியல் வலைப்பதிவால் பெயர் பெற்றவர். இருவரும் 1989 அக்டோபரில் பிளாக்பூலில் தாட்சரின் கன்சர்வேடிவ் கட்சி மாநாடு நடந்தபோது அங்கேயே போய் 'பார்ட்டி நடத்தச் சுதந்திரம்' என்ற இயக்கத்தை அறிவித்தார்கள். தேவை இருக்கிறது, நாங்கள் விற்கிறோம், அரசு ஏன் தடுக்கிறது என்பது வாதம். தடையற்ற வியாபாரம் பேசிய ஒரு அரசிடம் போய் இதைக் கேட்டதில் அர்த்தம் இருந்தது, காதில் வாங்க அவர்கள்தான் தயாராக இல்லை. 1990 ஜனவரி 27 அன்று டிராஃபல்கர் சதுக்கத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். ஒரு டிவி நிகழ்ச்சியில் தொகுப்பாளர் ஜொனாதன் ராஸின் கையோடு தன் கையை விலங்கு போட்டுப் பூட்டிக்கொண்டார் கோல்ஸ்டன்-ஹேட்டர். எல்லோரும் பார்த்தார்கள், சட்டம் நிற்கவில்லை.

உரிமம் இல்லாத பார்ட்டிகளுக்கு அபராதத்தை ஏற்றும் மசோதாவைக் கொண்டுவந்தவர் லூட்டன் சவுத் தொகுதி உறுப்பினர் கிரகாம் பிரைட். 1990 ஜூலையில் அது சட்டமானது. 2,000 பவுண்டு அபராதம் 20,000 ஆனது, ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. நடத்தியவர்களின் வருமானத்தைப் பறிமுதல் செய்யவும் வழி வந்தது. கணக்கு தலைகீழானதும் பெரிய புரமோட்டர்கள் விலகினார்கள். சன்ரைஸும் முடிந்தது.

வடக்கே பிளாக்பர்னில் நடந்தது வேறு ரகம், அதையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மூடிய பருத்தி ஆலைகளின் ஊர். டிக்கெட் கிடையாது, தகவல் எண் கிடையாது. சனி இரவு ஒரு மதுக்கடை வாசலில் கூடுவார்கள், முன்னால் ஒரு கார் கிளம்பும், பின்னால் நூற்றுக்கணக்கில் வரிசை கட்டும். எந்தக் கிடங்கு என்பது முன்னால் போகிறவருக்கு மட்டும் தெரியும். வேலையில்லாத ஊரில் சில பவுண்டுக்கு விடியும்வரை ஆட முடிந்தது. வெளியூர்க் கும்பல்கள் உள்ளே புகுந்த பிறகு உள்ளூர்க்காரர்கள் கையைவிட்டுப் போனது. 1990 பிப்ரவரியில் நெல்சன் கிடங்கில் போலீஸ் தடியோடு நுழைந்தது. ஜூலையில் லீட்ஸ் அருகே கில்டர்சம் கிடங்கில் ஒரே இரவில் 836 பேரைக் கைது செய்தார்கள். வழக்கு என்று நின்றது அதில் மிகச் சிலர் மீதுதான்.

பிறகு

கோல்ஸ்டன்-ஹேட்டரின் பெயர் மறுபடி பெரிய எழுத்தில் வந்தது 2014இல், நல்ல காரணத்துக்கு அல்ல. 2013 ஏப்ரலில் லண்டனின் சுவிஸ் காட்டேஜில் உள்ள பார்க்லேஸ் வங்கிக் கிளைக்குக் கணினி பழுது பார்ப்பவர் வேடத்தில் ஒருவர் போய், கணினியை வெளியிலிருந்து இயக்க உதவும் ஒரு சிறு கருவியைப் பொருத்திவிட்டு வந்தார். அதன் வழியாகப் பன்னிரண்டு லட்சம் பவுண்டுக்கு மேல் வேறு கணக்குகளுக்குப் போனது. அந்தக் கும்பலில் கோல்ஸ்டன்-ஹேட்டர் முக்கியமானவர் என்று வழக்கு. குற்றத்தை ஒப்புக்கொண்டார், சதக் நீதிமன்றம் ஐந்தரை ஆண்டு சிறை விதித்தது. செய்திகளில் மறுபடி 'ஆசிட் ஹவுஸ் ராஜா'. அவர் செய்தது திருட்டு, அதற்குச் சமாதானம் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு 1989இல் ஒயிட் வால்தமில் ஆடிய பதினோராயிரம் பேரையும் பின்னோக்கிக் குற்றவாளியாக்கி எழுதியதை ஏற்க முடியவில்லை.

1990 சட்டம் அபராதத்தை ஏற்றியதே தவிர, மூன்று மணிக்கு விழித்திருந்தவர்களைத் தூங்க வைக்கவில்லை. ஒரு பகுதியினர் இலவசப் பார்ட்டிகளுக்குப் போனார்கள், அது 1992 மே மாதம் காசில்மார்ட்டன் திடலில் ஒரு வாரம் நடந்து, 1994இல் 'திரும்பத் திரும்ப வரும் தாளம்' என்பதையே சட்டப் பிரிவில் எழுதும் வரை இழுத்தது. மற்றவர்களுக்கு உள்ளாட்சிகள் மெல்ல இறங்கிவந்தன. 1990இல் கிளார்க்கன்வெல்லில் டர்ன்மில்ஸ் கிளப்புக்கு 24 மணி நேர இசை, நடன உரிமம் கிடைத்தது. 1991 செப்டம்பரில் எலிஃபன்ட் அண்ட் காசில் பகுதியில் பழைய பேருந்துப் பணிமனை ஒன்றில் மினிஸ்ட்ரி ஆஃப் சவுண்ட் திறந்தது. ஆரம்பத்தில் அங்கே மது கிடையாது, விடியும்வரை ஆடலாம். வாசலில் வரிசை நின்றது. இடம் காண்ட் தெரு என்று எல்லோருக்கும் தெரியும், எந்த நம்பரையும் கூப்பிட்டுக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.